பெரியப்பாவோட அம்பாசடருக்கு வேர்க்குது!

கடலாடியில எங்க பெரியப்பா வீட்டு வாசல்ல ஒரு உலக வரைபடம் இருக்கு. சிமென்ட் தரையில, கறுப்பு மையில. ஆப்பிரிக்கா அச்சு அசல் அப்படியே வந்திருக்கும். கீழே இலங்கை மாதிரி ஒத்தைச் சொட்டு. வருஷா வருஷம் கண்டங்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துகிட்டே போகும். வரைஞ்சது யாருன்னு கேக்குறீங்களா? பெரியப்பாவோட 1991 மாடல் அம்பாசடர் நோவா!

"பெரியப்பா, வண்டி ஆயில் ஒழுகுது"ன்னு சொன்னா மனுஷனுக்குக் கோபம் வந்துடும். "ஒழுகலைடா... வேர்க்குது! நீ நாலு கிலோமீட்டர் ஓடுனா உனக்கு வேர்க்காதா? அது ரெண்டு தடவை மீட்டரைச் சுத்தி முடிச்ச வண்டி"ம்பார். அப்பத்தாவோட கட்சி வேற. அந்த சிமென்ட் தரையிலதான் அவங்க முண்டு மிளகாய் காயப் போடணும். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின ராமநாதபுரம் முண்டு மிளகாய், எங்க வீட்டுல மட்டும் லேசா இன்ஜின் ஆயில் வாசத்தோட வரும்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். 'ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்' பேப்பர்ல அரியர். ஃப்ளூயிட் பத்தி ஒண்ணும் தெரியாதவன் தலையிலதான் இந்த ஃப்ளூயிட் எல்லாம் வந்து சொட்டணும்னு விதி. "உங்க ஊரைப் பத்தி ஒரு கட்டுரை கொண்டு வா"ன்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பினாங்க. அதே வாரம் தாத்தா திதிக்கு ராமேஸ்வரம் போகணும்னு அப்பத்தா ஒத்தக் கால்ல நின்னாங்க. பஸ்ல அவங்களால ஏற முடியாது. ஆக, கடலாடி டு ராமேஸ்வரம், அங்கேருந்து அரிச்சல்முனை. வேர்க்குற வண்டியில!

கடலாடிக்கு வந்திருக்கீங்களா? பேர்லதான் கடல். ஊர்ல நின்னு பார்த்தா சீமைக் கருவேல மரம், பனை, வறண்ட கண்மாய், அதுக்கு மேல வெயில். கடலைப் பார்க்கணும்னா மாரியூருக்கோ வாலிநோக்கத்துக்கோ வண்டி கட்டித்தான் போகணும். ஆனா கடலோட காத்து மட்டும் டிக்கெட் வாங்காம ஊருக்குள்ள வந்துடும். பனை ஓலையை ஒண்ணும் பண்ணாது. இரும்பைத்தான் தின்னும்.

"இத்தனை ஒழுக்கு ஒழுகுது, வித்துட வேண்டியதுதானே?"ன்னு நானும் கேட்டிருக்கேன். பெரியப்பா பதிலே சொல்ல மாட்டார். எங்க தெருவுல வீட்டுக்கு வீடு பைக் வர்றதுக்கு முன்னாடி, ராத்திரி யாருக்கு வலி வந்தாலும் இந்த வண்டிக் கதவைத்தான் தட்டுவாங்க. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே பின் சீட்டுல ஒரு பிரசவம்கூட ஆகியிருக்கு. அந்தப் பையன் இப்ப என்னோட சீனியர். வண்டியை விக்கிற பேச்சு வந்தா முதல்ல சண்டைக்கு வர்றது அவங்க அம்மாதான்.

கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, சும்மா இருக்காம நம்ம படிப்பைக் காட்டலாம்னு ஒரு ஐடியா. ராத்திரி இன்ஜினுக்குக் கீழே பழைய நியூஸ் பேப்பரை விரிச்சு, பறக்காம நாலு பக்கமும் கல்லு வச்சுட்டுப் படுத்தேன். காலையில பார்த்தா ஹோலி பண்டிகை! எது எங்கேருந்து சொட்டியிருக்குன்னு அம்புக்குறி போட்டு, பேப்பரைச் சுருட்டிக்கிட்டு மெக்கானிக் மாமாகிட்ட ஓடினேன்.

மாமாவுக்கு எழுபது வயசைத் தாண்டியிருக்கும். டிராக்டர், டிவிஎஸ் 50, கரி மூட்டை ஏத்துற மினி லாரி எல்லாம் பார்ப்பார். அம்பாசடர் வந்தா மட்டும் கடையில எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுவார். பேப்பரை வாங்கி, கண்ணாடியை மாட்டி, ஜாதகம் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒரு சொட்டைத் தொட்டு விரல் ரெண்டையும் தேய்ச்சார். மோந்து பார்த்தார்.

"கறுப்பா, வழுவழுன்னு இருக்கு. இன்ஜின் ஆயில். இதுக்கு நீ அழ வேண்டாம். இந்தா, இங்க பேப்பர் சுருங்கியிருக்கு, ஓரத்துல செம்பழுப்பா வட்டம். விரல்ல ஒட்டலை. ரேடியேட்டர் தண்ணி. துருவோட வருது. இதுக்குத்தான் நீ அழணும்."

அப்புறம் பாடம் ஆரம்பிச்சது. கெட்ட முட்டை மாதிரி நாத்தம் அடிச்சா அது பின் ஆக்ஸில்ல ஊத்துற கிரவுன் ஆயில், கந்தகம் கலந்தது. புது கார்கள்ல பச்சையாவோ ரோஸாவோ சொட்டினா கூலன்ட். இனிப்பு வாசம் வரும். அதை நக்கிப் பார்க்குற நாய்க்கும் பூனைக்கும் விஷம், தேங்க விடாதே. சிவப்பா இருந்தா பவர் ஸ்டீயரிங் ஆயிலா இருக்கலாம். பெட்ரோல் வாசம் வந்தா சாவியைத் தொடாதே, வண்டியைத் தள்ளித்தான் வெளியில கொண்டு வரணும். அந்தக் காலத்துல பெட்ரோல் டேங்க்குல பொடி ஓட்டை விழுந்தா பார் சோப்பைத் தேய்ச்சு அடைப்பாங்களாம். சோப்பு பெட்ரோல்ல கரையாதே! "அதோட வீடு போய்ச் சேரலாம். ஊர் சுத்தக் கூடாது"ன்னார் மாமா.

"இன்ஜின் ஆயில் ஒழுகினா ஏன் அழ வேண்டாம்?"னு கேட்டேன். அதுக்கு மாமா சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

அம்பாசடரோட பூர்வீகம் இங்கிலாந்து. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரோட அச்சுலதான் 1950-களோட கடைசியில மேற்கு வங்காளம் உத்தர்பாராவுல அம்பாசடர் பிறந்தது. பழைய பெட்ரோல் அம்பாசடர்ல இருக்கிற 1489 சிசி இன்ஜினும் அந்த ஊர்ச் சரக்குதான். அந்த இன்ஜின்ல கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்கம் இப்ப வர்ற மாதிரி ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்ட்லயே திருகு மாதிரி மரை வெட்டி விட்டிருப்பாங்க. ஷாஃப்ட் சுத்தும்போது அந்த மரை, வெளிய வரப் பார்க்கிற ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். சரி, வண்டி நின்னா? மரையும் நிக்கும். ஆயில் தன் பாட்டுக்கு வழிஞ்சு வரும். அதாவது எங்க பெரியப்பா வண்டி ஓடும்போது ஒழுகுறதைவிட நிக்கும்போதுதான் ஜாஸ்தி ஒழுகும்! வாசல்ல வரைபடம் வந்த ரகசியம் இதுதான். பிரிட்டிஷ் வண்டிகளைப் பத்தி அந்த ஊர்லயே ஒரு ஜோக் உண்டு. ஆயில் சொட்டலைன்னா உள்ளே ஆயிலே இல்லைன்னு அர்த்தமாம்.

பிறவியிலேயே இப்படின்னா வயசானா சொல்லவா வேணும்? பிஸ்டன் ரிங் தேய்ஞ்சா, எரிஞ்ச வாயு மேலே போகாம பக்கவாட்டுல நழுவி கீழே இறங்கும். இன்ஜினுக்குள்ள அழுத்தம் ஏறி, எங்க சந்து கிடைக்குதோ அங்கே ஆயிலைப் பிதுக்கி வெளிய தள்ளும். டேப்பெட் கவருக்கு அடியில இருக்கிற கார்க் கேஸ்கெட் சூட்டுல காய்ஞ்சு சுருங்கும். ரப்பர் எல்லாம் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு ஆயிடும். ஓட்டாம நிறுத்தியே வச்சிருந்தாலும் காய்ஞ்சு போகும். ஓட்டினாலும் ஒழுகும், ஓட்டலைன்னாலும் ஒழுகும்!

"எங்கேருந்து வருதுன்னு எப்படி மாமா கண்டுபிடிக்கிறது? அடி முழுக்க ஆயிலா இருக்கே?"

"உங்க அத்தை பவுடர் டப்பாவை எடுத்துட்டு வா."

சத்தியமா கோகுல் சாண்டல் பவுடர்தான் மக்களே! வண்டி ஓடும்போது காத்து ஆயிலைப் பின்னாடி அடிச்சுட்டுப் போயிடுமாம். அதனால சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற. இன்ஜினை டீசல் போட்டுக் கழுவித் துடைச்சு, மேலே முகப் பவுடரைத் தூவி, பத்து நிமிஷம் ஓட விட்டார். வெள்ளைவெளேர்னு நின்ன இன்ஜின்ல ஒரு கறுப்புக் கோடு மெதுவா இறங்கிச்சு. டேப்பெட் கவரோட இடது மூலை. மாட்டிக்கிட்டார் திருடர்!

நான் உடனே ஸ்பேனரை எடுத்து அந்த நட்டை இறுக்கப் போனேன். கையைத் தட்டி விட்டார். "எல்லாரும் இதைத்தான் பண்ணுறீங்க. கார்க்கை இறுக்க இறுக்க நசுங்கி வெளிய பிதுங்கும். அப்புறம் ஆயுசுக்கும் ஒழுகும்." பழைய கார்க்கைச் சுரண்டி எடுத்து, புதுசு வச்சு, அனபாண்ட் பேஸ்ட்டை மெல்லிசாத் தடவி, ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி பதமா இறுக்கினார். ரேடியேட்டர் கீழ் ஹோஸ் கிளிப்பையும் டைட் பண்ணிட்டு, "ஹோஸ் பழசு, மாத்திடுங்க"ன்னார். பெரியப்பா "ராமேஸ்வரம் போயிட்டு வந்து பார்ப்போம்"னார். இந்த வசனத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

விடிகாலை அஞ்சு மணி. முன் சீட்டுல பெரியப்பாவும் நானும். பின்னாடி அப்பத்தா, பெரியம்மா, புளியோதரை. டிக்கியில ஒரு லிட்டர் ஆயில் டப்பா. சிக்கல் வழியா ராமநாதபுரம் போற ரூட்டு. ஊர் பேரே சிக்கல்ங்க... நான் என்ன பண்ணட்டும்?

கரெக்டா சிக்கலுக்குக் கொஞ்சம் முன்னாடி பானெட்ல இருந்து ஆவி. டெம்பரேச்சர் முள்ளு உச்சியில. வண்டியை ஓரங்கட்டினா, அதே கீழ் ஹோஸ், கிளிப் கடிச்ச இடத்துல கீறி தண்ணி பீச்சி அடிக்குது. பெரியம்மா உடனே பையில இருந்து மஞ்சள் தூளை எடுத்தாங்க. சிரிக்காதீங்க. ரேடியேட்டர்ல பொடி ஓட்டை இருந்தா மஞ்சள் தூளைப் போட்டு அடைக்கிறது நம்ம நாட்டு லாரிக்காரங்க வைத்தியம். தூள் தண்ணியோட சுத்தி, ஓட்டையில போய் அடைச்சுக்கும். ஆனா அதே தூள் ரேடியேட்டரோட பொடிக் குழாய்களையும் சேர்த்து அடைக்கும். தவிர, கிழிஞ்ச ஹோஸுக்கு மஞ்சள் போட்டா ஆகாது.

ஒரு விஷயத்துல நான் உருப்படி. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க விடலை. மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கிற வரைக்கும் தண்ணி நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும். திறந்த நொடி கொதிச்சுப் பொங்கி, ஆவியோட மூஞ்சியில அடிக்கும். அரை மணி நேரம் காத்திருந்து, ஹோஸைக் கழட்டி, கீறின நுனியை பிளேடால ஒரு இஞ்ச் வெட்டிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டி கிளிப் போட்டேன். நானே! என் கையால! பெரியப்பா முதுகுல தட்டினார். அந்தத் தட்டுதான் எனக்கு எமன்.

ஹோஸ் சரி, தண்ணிக்கு எங்க போறது? அந்த நேரத்துல ஒரு அக்கா தள்ளுவண்டியில ஏழெட்டு பிளாஸ்டிக் குடத்தோட வந்தாங்க. எங்க பக்கத்துல தள்ளுவண்டின்னா ஐஸ்கிரீம் வண்டி இல்லை, தண்ணி வண்டி. போர் போட்டா உப்புத் தண்ணிதான் வரும் பல இடத்துல. நல்ல தண்ணிக்கு எங்கேயாவது போய் வரிசையில நின்னு பிடிச்சு, வெயிலுக்கு முன்னாடி தள்ளிக்கிட்டு வரணும்.

"அக்கா, வண்டி சூடாயிருச்சு. கொஞ்சம் தண்ணி..."

"வீட்டுல போர் தண்ணி இருக்கு தம்பி. எடுத்துட்டு வரவா?"

உப்புத் தண்ணியை ஊத்தினா ரேடியேட்டர் உள்ளேயே துரு பிடிச்சு, உப்புப் படிஞ்சு அடைக்கும். மாமா படிச்சுப் படிச்சு சொன்னது. சொல்லவும் சங்கடமா இருக்கு, கேக்கவும் சங்கடமா இருக்கு. நான் குடத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். அக்கா அப்பத்தாவைப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசாம ஒரு குடத்தை இறக்கிக் குடுத்தாங்க. பெரியப்பா காசை நீட்டினார். வாங்கலை. அவர் மூடியைத் திறந்து ஊத்த ஆரம்பிச்சதும் பக்கத்துல வந்து குனிஞ்சு பார்த்துட்டு, "ஒழுகிறாதுல்ல தம்பி? நல்ல தண்ணி அது"ன்னாங்க.

மெக்கானிக்கல் லேப்ல எத்தனை வைவா பார்த்திருக்கேன். இப்படி ஒரு கேள்வி எந்த எக்ஸ்டெர்னலும் கேட்டதில்லை.

ஒழுகலை. ராமநாதபுரம் தாண்டி நேஷனல் ஹைவே. முள்ளு நடுவுல கம்பீரமா நிக்குது. நான் பாட்டு எல்லாம் பாடிக்கிட்டு வர்றேன். உச்சிப்புளி, கடற்படை விமானதளம் இருக்கிற ஊர். அங்க ரோட்டைக் கடந்து ஒரு ஆட்டு மந்தை. பெரியப்பா பிரேக்கை மிதிச்சார்.

பெடல் தரையில போய் ஒட்டிக்கிச்சு.

பெரியப்பா முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மறுபடி மிதிச்சார், மறுபடி மிதிச்சார், மூணாவது மிதிக்குக் கொஞ்சம் பிடிச்சது. கியரைக் கீழே இறக்கினார். இன்ஜின் கத்துச்சு. ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு இழுத்தார். கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்னுச்சு. பின் சீட்டுல இருந்து அப்பத்தா, "ஏன்டா இம்புட்டு கிட்டத்துல போய் நிக்கிற? ஆடு மிரளுது பாரு"ன்னாங்க. யாரும் பதில் சொல்லலை. என் கை நடுங்கிக்கிட்டிருந்தது.

ரோட்டோரம் ஒரு ஒர்க்‌ஷாப். அங்க இருந்த பாய் எங்க கதையைக் கேட்டார். பானெட்டைக்கூடத் திறக்கலை. நேரா வண்டியைச் சுத்திப் போய், பின்னாடி இடது சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டுத் தடவி எடுத்தார். விரல் பளபளன்னு ஈரம். நிறமே இல்லை. விளக்கெண்ணெயைத் தண்ணியா கரைச்ச மாதிரி இருந்தது.

"பிரேக் ஆயில். வீல் சிலிண்டர் கசிஞ்சிருக்கு. இன்னைக்கு நேத்து இல்லை, பல நாளா. டயர் உள்பக்கம் பாருங்க, மண்ணு ஒட்டி அடையா இருக்கு. வீட்டுல நிறுத்துற இடத்துல சொட்டு விழுந்திருக்குமே, பார்க்கலையா?"

பேப்பர் விரிச்சேனே... எங்க விரிச்சேன்? இன்ஜினுக்குக் கீழே! ஒழுக்குன்னா இன்ஜின்லதான் வரும்னு நானே முடிவு பண்ணிட்டேன். எங்க வீட்டு சிமென்ட் தரை சின்னது. வண்டியோட முன் பாதிதான் அதுல நிக்கும். பின் பாதி வெளியில மணல்ல. மணல்ல விழுந்த சொட்டு மணலுக்கே போயிடுச்சு. ஆப்பிரிக்கா கண்டம் சைஸுக்குக் கறுப்பா ஒழுகினதை எல்லாம் பவுடர் போட்டுக் கண்டுபிடிச்ச இந்த இன்ஜினீயர், நிறமே இல்லாம நாலு சொட்டு விழுந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்கலை. பின் சீட்டுல எண்பதை நெருங்குற அப்பத்தாவை உக்கார வச்சு, அந்தச் சக்கரத்துக்கு மேலேயே!

இதைப் பெரியப்பாகிட்ட சொன்னேன். "நானும்தான் பார்க்கலை"ன்னார். பிரேக் ஆயில் டப்பாவுல அளவு குறையும்போதெல்லாம் ஊத்தி நிரப்பிக்கிட்டே இருந்திருக்கார். மூடின லைன்ல ஆயில் குறைஞ்சா எங்கே போச்சுன்னு கேக்கணும்ல? கேக்கலை. பிரேக் ஷூ தேய்ஞ்சா கொஞ்சம் குறையும். ஆனா மாசா மாசம் ஊத்த வேண்டி வந்தா அது ஒழுக்குதான்.

டீக்கடையில ஒருத்தர், "சோப்புத் தண்ணியை ஊத்திட்டுப் போங்கண்ணே, நாங்கள்லாம் போயிருக்கோம்"னு ஃப்ரீ அட்வைஸ் குடுத்தார். பாய் முறைச்சார். "பிரேக் பிடிச்சா அங்க சூடு எவ்வளவு ஏறும் தெரியுமா? தண்ணி ஆவியாயிடும். ஆவியை மிதிச்சா அமுங்கும். ஆயிலை மிதிச்சா அமுங்காது. அமுங்காததாலதான் இங்க மிதிச்சா அங்க பிடிக்குது."

அடப்பாவி... பாஸ்கல் விதி! ரெண்டு செமஸ்டரா என் மண்டையில ஏறாதது, உச்சிப்புளி டீக்கடை வாசல்ல ஏறிச்சு. நல்ல பிரேக் ஆயிலுக்கே இந்தப் பிரச்னை இருக்கு. அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும். ஈரம் குடிச்ச பிறகு 140 தாங்கினாப் போதும்னுதான் விதியே இருக்கு. கடலோரத்துல ஈரத்துக்கா பஞ்சம்? அந்த ஈரமே சிலிண்டர் உள்சுவர்ல துருவைக் கிளப்பி, துரு ரப்பரைக் கிழிக்குது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்தணும்கிறது இதுக்குத்தான். எங்க வண்டியில நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன்கிறதால ஒரு சக்கரம் ஒழுகினா நாலும் போச்சு. பின்னாடி வந்த கார்கள்ல ரெண்டு தனி லைன் வச்சுட்டாங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும்.

அடுத்த கஷ்டம் சாமான். அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாசத்தோட நின்னு போச்சு. 2017-ல அந்தப் பேரை மட்டும் பிரான்ஸ் நாட்டு பியூஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிச்சு. பேருக்கு 80 கோடி, எனக்கு வேண்டியது ரெண்டு ரப்பர் கப்! கிழிஞ்ச கப்பை சாம்பிளுக்குப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு பஸ் பிடிச்சு ராமநாதபுரம் ஓடினேன். மூணு கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில பரண் மேல இருந்து தூசி தட்டி எடுத்துக் குடுத்தார் ஒரு பெரியவர். ரெண்டு பக்கத்துக்கும் வீல் சிலிண்டர் கிட், ஒரு செட் பிரேக் ஷூ. ஆயில் குடிச்ச ஷூவைக் கழுவி மாட்டக் கூடாதுன்னு பாய் கண்டிப்பாச் சொல்லிட்டார்.

திரும்பி வந்தா மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. திதி குடுக்க நேரம் இருக்கே. அப்பத்தா வேப்பமரத்தடியில கயித்துக் கட்டில்ல உக்காந்து ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லை.

எல்லாத்தையும் மாட்டி முடிச்சு, லைன்ல இருந்து ஏர் எடுக்கிற வேலை. நான் சீட்டுல. பாய் சக்கரத்துக்கு அடியில. "மிதி... பிடி... விடு! மிதி... பிடி... விடு!" ஒவ்வொரு தடவையும் குமிழ் குமிழா காத்து வெளிய வரும். குமிழ் நின்னு, வெறும் ஆயில் வந்ததும் பெடல் கல்லு மாதிரி ஆச்சு. அந்தக் கல்லு மாதிரி பெடல் குடுத்த நிம்மதி இருக்கே... காம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆனாகூட வராதுங்க.

கிளம்பும்போது பாய் என்னை அடியில கூப்பிட்டு இன்னொண்ணு காட்டினார். ஆக்ஸில் பக்கம் போற பிரேக் பைப். மேல்தோல் எல்லாம் துரு பொரிஞ்சு இருந்தது. கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, என்னைப் பெடலை அழுத்தி நிக்கச் சொல்லி, டார்ச் அடிச்சுப் பார்த்தார். "இன்னைக்குக் கசியலை. மெதுவாப் போங்க. ஆனா ஊருக்குப் போனதும் முதல் வேலையா மாத்திடுங்க. இது மண்டபம் காத்து தம்பி."

மண்டபம் காத்து சும்மா இல்லை. காரைக்குடியில இருக்கிற 'சிக்ரி', அதான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இரும்பு எவ்வளவு வேகமா துருப்பிடிக்குதுன்னு சோதிக்க மண்டபத்துலதான் தகடுகளைக் காய வச்சுப் பார்க்கிறது. நாடே துருவைப் படிக்கத் தேர்ந்தெடுத்த இடம். நாம கார் ஓட்டுற இடம்.

பாம்பன். 1988-ல திறந்த ரோட்டுப் பாலத்துல ஏறினோம். ரெண்டு பக்கமும் நீலம். எல்லாரும் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் கடலையே பார்க்கலை, பெரியப்பா காலைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். இறக்கத்துல ஒரு தடவை மிதிச்சார். பிடிச்சது. அப்பதான் தலையைத் தூக்கினேன். அந்தப் பக்கம் ரயில் பாலம். ஒண்ணு இல்லை, ரெண்டு. 1914-ல கட்டின பழைய பாலம், நூறு வருஷம் உப்புக் காத்தைத் தின்னு, தூக்குப் பகுதி துருப்பிடிச்சு, 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்திக்கிச்சு. பக்கத்துலயே 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம். 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். உள்ளே ஸ்டெய்ன்லெஸ் கம்பி, மேலே துருவைத் தடுக்க பாலிசிலாக்ஸேன்னு ஸ்பெஷல் பூச்சு. அங்கேயும் இதே பஞ்சாயத்துதான் போல!

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தப்போ மணி பன்னண்டைத் தாண்டிருச்சு. ஐயர் வாட்சைப் பார்த்தார். அப்பத்தாவைப் பார்த்தார். "உக்காருங்கோ"ன்னார். எள்ளும் தண்ணியும் இறைக்கும்போது பெரியப்பா கையைப் பார்த்தேன். நகக்கண்ணுல இன்னும் கிரீஸ். தாத்தா இருந்தா, "கையைக் கழுவிட்டு வாடா"ன்னு சொல்லியிருப்பாராம். அப்பத்தா சொன்னாங்க.

சாயங்காலம் அரிச்சல்முனை. 1964 டிசம்பர் புயல்ல போன தனுஷ்கோடி, இடிஞ்ச சர்ச், ரெண்டு பக்கமும் கடல், நடுவுல 2017-ல திறந்த ரோடு. இதெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க, நீங்களே போய்ப் பாருங்க. நான் பார்த்தது வேற. பக்கத்துல நின்ன பளபள புது எஸ்.யூ.வி-க்கு அடியில சொட்டுச் சொட்டா ஈரம்! நிறமே இல்லை! பதறிப் போய் ஓனரைத் தேடிப் பிடிச்சு, "சார், பிரேக் ஆயில் ஒழுகுது, வண்டியை எடுக்காதீங்க"ன்னேன். அவரும் பதறி, குனிஞ்சு, தொட்டு, மோந்து பார்த்தார். "தம்பி... ஏசி தண்ணிப்பா இது!" முன் சீட்டுக்குக் கீழே, வழவழப்பே இல்லாத சுத்தமான தண்ணி. அவர் ஃபேமிலி மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரிச்சது. ஹி... ஹி... சிரிச்சுட்டுப் போகட்டும்.

ராத்திரி திரும்பி வரும்போது சிக்கல்ல வண்டியை நிறுத்தச் சொன்னேன். ராமநாதபுரத்துல வாங்கின இருபது லிட்டர் கேன் டிக்கியில இருந்தது. அந்த அக்கா இல்லை. கடைக்காரர்கிட்ட அடையாளம் சொன்னேன். "யாரு, தண்ணி வண்டி தள்ளுமே அதுவா? இங்க எல்லாரும்தான் தம்பி தள்ளுறாங்க"ன்னார். கேனை அவர்கிட்டயே குடுத்துட்டு வந்தோம்.

அந்த வாரமே பிரேக் பைப்பும் ஹோஸும் மாத்தியாச்சு. ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி மறுபடி பேப்பர் விரிச்சேன். இந்தத் தடவை முன்னாடி ஒண்ணு, பின்னாடி மணல் மேல அட்டை போட்டு அதுக்கு மேல ஒண்ணு, நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் ஒவ்வொண்ணு. அப்பத்தா, "வண்டிக்குப் படுக்கை விரிக்கிறான் பாரு"ன்னாங்க.

காலையில பல்லுகூட விளக்காம போய்க் குனிஞ்சு பார்த்தேன். பின்னாடி பேப்பர்ல ஒரு வேப்பிலை, ரெண்டு எறும்பு. வேற ஒண்ணும் இல்லை. முன்னாடி, இலங்கை சைஸுக்கு ஒரு கறுப்புச் சொட்டு.

பெரியப்பா பின்னாடி டீ டம்ளரோட நின்னார். "என்னடா?"

"முன்னாடி மட்டும் வேர்க்குது பெரியப்பா."